கேள்வி – பதில்: பேச முடியாதவருக்கு உரிமை உண்டா?

கேள்வி: மனித உரிமைகளுக்கு அடிப்படை பகுத்தறிவு என்கிறார்கள். அது மொழி வழியாகத்தானே வெளிப்படுகிறது? அப்படியானால் கைக்குழந்தைக்கும் நினைவு தப்பியவருக்கும் உரிமை எங்கிருந்து வருகிறது?

பதில்: பிறப்பிலிருந்து. 1948 டிசம்பர் 10 அன்று பாரிசில் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட உலக மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் பிரிவை நிதானமாகப் படியுங்கள், மொத்தமே இரண்டு வாக்கியம். மனிதர் எல்லோரும் சுதந்திரமாகவும், மதிப்பிலும் உரிமையிலும் சமமாகவும் பிறக்கிறார்கள் என்பதோடு முதல் வாக்கியம் முடிந்துவிடுகிறது. பகுத்தறிவும் மனசாட்சியும் இரண்டாவதில்தான் வருகின்றன, அதுவும் ஒருவரையொருவர் சகோதர உணர்வோடு நடத்த வேண்டும் என்று சொல்ல வரும்போது. நான் புரிந்துகொண்ட வரையில், பகுத்தறிவு என்பது உரிமை பெறுவதற்கான தகுதி இல்லை, அது இருப்பவர் தலையில் விழுகிற கடமை.

கேள்வி: பிறந்தாலே போதும் என்று தீர்மானித்தது யார், கடவுளா, இயற்கையா?

பதில்: அந்த வழக்கைத் தீர்க்காமலேதான் எழுதி முடித்தார்கள். வரைவுக் குழுவில் லெபனானின் சார்லஸ் மாலிக் ஒரு தத்துவ மரபிலிருந்தும் சீனாவின் பி.சி. சாங் வேறொரு மரபிலிருந்தும் வாதாடினார்கள், கடைசியில் கடவுள் என்ற சொல்லே பிரகடனத்தில் இடம்பெறவில்லை. பொதுச்சபை வாக்கெடுப்பில் ஆதரவு 48, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை, 8 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. இதைப் பலவீனம் என்று நான் நினைக்கவில்லை. காரணத்தில் ஒத்துப்போகாதவர்கள்கூட, மனிதனுக்கு எதைச் செய்யவே கூடாது என்பதில் ஒத்துப்போனார்கள்.

கேள்வி: அப்புறம் மொழிக்கு இதில் என்னதான் வேலை?

பதில்: நிறைய. உரிமை பிறப்பால் வரலாம், ஆனால் அதைக் கேட்டு வாங்க வாய் திறந்தாக வேண்டும், திறந்தால் அது எதிரே இருப்பவர் காதில் ஏற வேண்டும். நாடற்று அலைந்த அரசியல் சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட் 1951-இல் எழுதியதும் இதைத்தான்: உரிமை பறிபோனவர் என்ன பேசினாலும் அதற்கு எடை இல்லாமல் போகிறது. புரியாத மொழியில் குற்றச்சாட்டை வாசிக்கக் கேட்டு நிற்கிறவரை நினைத்துப் பாருங்கள். பயத்தில் தலையாட்டுகிறார், அது ஒப்புதல் என்று பதிவாகிவிடக்கூடும். இதனால்தான் 1966-இன் குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கை, 14-ஆம் பிரிவில், குற்றச்சாட்டை அவருக்குப் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும், நீதிமன்ற மொழி தெரியாதவருக்கு மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தர வேண்டும் என்கிறது. 2006-இன் மாற்றுத்திறனாளிகள் உடன்படிக்கை சைகை மொழியையும் மொழி என்றே வரையறுக்கிறது. ஆகவே காது கேளாத ஒருவர் கையால் சொல்வதைப் புரிந்துகொள்ள ஆள் வைக்காமல் விசாரணையை நடத்தினால், அவர் தரப்பு கேட்கப்படவே இல்லை என்றுதான் பொருள்.