வாசகர் கேள்வி – பதில்: மெலட்டூரில் விடியும் வரை

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் உள்ள நண்பர் ஒருவர் ஆண்டுதோறும் மே மாத வாக்கில் பத்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மெலட்டூருக்குப் போய்விடுகிறார். கேட்டால், "நாடகம் இருக்கிறது, நான்தான் லீலாவதி" என்கிறார். இதற்காக அவருக்குச் சன்மானம் எதுவும் கிடையாதாம். இது என்ன நாடகம்?
– வாசகி, திருச்சி

பதில்: உங்கள் நண்பர் குறிப்பிடுவது பாகவத மேளாவை. தஞ்சாவூரிலிருந்து ஏறக்குறைய 18 கி.மீ. தொலைவில், பாபநாசம் வட்டத்தில் உள்ள மெலட்டூரில், நரசிம்ம ஜயந்தியை ஒட்டி வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு எதிரே இரவு முழுவதும் நடைபெறும் தெலுங்கு இசை நாட்டிய நாடகம் அது. ஜயந்தி அன்று 'பிரகலாத சரித்திரம்' நடக்கும். அதில் பிரகலாதனின் தாய்தான் லீலாவதி. அடுத்து வரும் இரவுகளில் 'உஷா பரிணயம்', 'மார்க்கண்டேயர்', 'அரிச்சந்திரா' போன்றவற்றில் சில இடம்பெறும். இவற்றில் அரிச்சந்திரன் கதைக்கு ஒரே இரவு போதாது.

நடிப்பவர்களில் எவருக்கும் நாடகம் பிழைப்பு அன்று. வங்கி, தணிக்கை, கணினி என்று பல துறைகளில் வெளியூர்களில் வேலை பார்ப்பவர்கள், தகப்பனார் போட்ட வேடத்தையோ மாமா போட்ட வேடத்தையோ தாமும் போடுவதற்காக ஆண்டுக்கு ஒருமுறை ஊர் திரும்புகிறார்கள். 'அமெச்சூர் நாடகம்' என்றதும் நம் நினைவுக்கு வருவது, தொழில்முறைக் குழுவாக வளர முடியாதவர்கள் ஓய்வு நேரத்தில் போடும் நாடகம்தான். மெலட்டூரில் அந்தக் கணக்கு செல்லாது. அங்கே வேடம் கட்டுவது பெருமாளுக்குச் செய்யும் கைங்கரியம். கூலி என்ற பேச்சு வந்தால் அதன் பொருளே மாறிவிடும் என்பதுதான் அவர்களுடைய எண்ணம். இரண்டு நூற்றாண்டுகளாக அரசர்களும் மிராசுதார்களும் மாறிய பின்னும் இது நிலைத்திருப்பதற்கு இந்த ஏற்பாடே முதற்காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மேடை அமைப்பே இதைச் சொல்லிவிடும். தெருவின் ஒரு முனையில் மேடை, அதற்கு நேர் எதிரே சுவாமி, இடையில் நாம். நடிகர் நமக்கு மேலாகத்தான் பார்க்கிறார். கூம்புக் குல்லாய் அணிந்த கோணங்கி முதலில் குதித்துக்கொண்டு வந்து கூட்டத்தை அடக்குவார். பின்னர் விநாயகர் முகமூடி அணிந்த சிறுவன் வருவான். அதன் பிறகே கதை தொடங்கும். ஒவ்வொரு பாத்திரமும் 'பிரவேச தரு' என்னும் அறிமுகப் பாட்டுக்கு ஆடியபடியே உள்ளே வரும். இரணியன் வந்து நிலைகொள்வதற்கே வெகுநேரம் ஆகும். பொறுமையில்லாதவர்கள் அதற்குள் காப்பிக்கடைக்குப் போய் வந்துவிடலாம்.

நரசிம்மர் வருவது பின்னிரவு கடந்து, விடியலை நெருங்கும் வேளையில். அவருடைய முகமூடி கோயிலில் வைத்துப் பூசை செய்யப்படுவது. அதை அணிபவர் அன்று உபவாசம் இருப்பார். தூணிலிருந்து அவர் வெளிப்பட்டதும் இரு பக்கமும் ஆட்கள் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். இரணியனாக நிற்பவரும் எட்டியே நிற்பார், அவரையும் சிலர் பிடித்துக்கொள்வார்கள். நான் பார்த்த ஆண்டில் என் பக்கத்தில் அமர்ந்து அதுவரை தூங்கி வழிந்துகொண்டிருந்த முதியவர் ஒருவர், அந்தக் கணத்தில் எழுந்து நின்று மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். அவரைப் போலவே சுற்றிலும் பலர் எழுந்துவிட்டதால் எனக்கு மேடை மறைந்துபோயிற்று. நரசிம்மரின் குரலை மட்டுமே கேட்டேன்.

கேள்வி: தமிழ்நாட்டின் நடுவே உள்ள கிராமத்தில் தெலுங்கு நாடகம் எப்படி வந்தது? பார்ப்பவர்களுக்குப் புரிகிறதா?
– வாசகர், விருத்தாசலம்

பதில்: தஞ்சை நாயக்கர் அரசவையின் இலக்கிய மொழி தெலுங்கு. அச்சுதப்ப நாயக்கர் 510 அந்தணக் குடும்பங்களுக்கு இவ்வூரில் வீடும் நிலமும் கொடுத்துக் குடியமர்த்தினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அவர் பெயரால் ஊருக்கு அச்சுதபுரம் என்றும் பெயர் உண்டு. பின்னர் வந்த மராட்டிய அரசர்களும் தெலுங்கு இசையையும் நாட்டியத்தையும் ஆதரித்தார்கள். இன்று மெலட்டூரில் நடிக்கப்படும் நாடகங்களை இயற்றிய வெங்கடராம சாஸ்திரி, தியாகராஜர் வாழ்ந்த காலத்தை ஒட்டியவர். தியாகராஜரும் இதே கதையைப் 'பிரகலாத பக்தி விஜயம்' என்று தெலுங்கில் இசை நாடகமாக எழுதியிருப்பதை நினைத்துப் பார்த்தால், அன்றைய காவிரிக் கரையில் இது வியப்புக்குரிய செய்தியே அன்று என்பது விளங்கும். மெலட்டூரில் மட்டுமல்ல, சாலியமங்கலம், ஊத்துக்காடு, சூலமங்கலம், தேப்பெருமாநல்லூர் ஆகிய ஊர்களிலும் இந்த மரபு இருந்தது. சில ஊர்களில் இன்றும் இருக்கிறது.

புரிகிறதா என்றால், கதை புரிகிறது, சொல் புரிவதில்லை. நடிப்பவர்களிலேயே பலருக்குத் தெலுங்கு வாசிக்கத் தெரியாது. ஒருவருடைய பாடப் புத்தகத்தைக் கையில் வாங்கிப் பார்த்தேன். நாற்பது பக்க நோட்டு. தெலுங்கு வசனம் முழுவதும் தமிழ் எழுத்தில் எழுதப்பட்டிருந்தது. 'க' வருமிடமெல்லாம் அதன் தலையில் பென்சிலால் 2, 3, 4 என்று எண்கள். நான்கு ககரங்களில் எது என்பதற்கான அடையாளம் அது. சில இடங்களில் எண்ணை அழித்து வேறு எண் போட்டிருந்தது. "அது எங்கப்பா திருத்தினது" என்றார்.

கேள்வி: பெண் வேடங்களையும் ஆண்களே போடுவது இந்தக் காலத்துக்குப் பொருந்துமா?
– வாசகி, மதுரை

பதில்: இந்த வடிவத்தின் நடிப்பு முறையே அதைச் சார்ந்து வளர்ந்தது என்பதை மறுக்க முடியாது. மகன் துன்புறுவதைக் கண்டும் கணவனை மீற முடியாமல் தவிக்கும் லீலாவதியைக் கண்ணாலும் கையாலும் காட்டுவதற்கு நீண்ட பயிற்சி வேண்டும். அந்தக் கலையில் பெரும்பெயர் பெற்ற மெலட்டூர் நடேச அய்யரிடம்தான் வழக்கறிஞர் இ. கிருஷ்ண அய்யர் அபிநயம் பயின்றார். அந்தப் பயிற்சியுடன் அவர் பெண் வேடமிட்டு மேடைகளில் ஆடியதும், பின்னாளில் பரதநாட்டியத்துக்காக வாதாடியதும் சேர்ந்தே நடந்தவை. எனவே இன்று மேடையில் ஆடும் பெண்களும் மெலட்டூரின் ஆண்களுக்கு ஓரளவு கடன்பட்டவர்களே. திருவிழா இரவில் யார் ஆடுவது என்பதை அவ்வூரார் முடிவு செய்யட்டும். பாடங்களைப் பெண்களுக்குக் கற்றுக்கொடுப்பதில் மட்டும் தயக்கம் கூடாது என்பது என் கருத்து.

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் விழாவுக்காகப் பிரகலாதன் கதையை ஒரு மணி நேர இசை நாடகமாகப் போட இருக்கிறோம். எவருக்கும் அனுபவம் இல்லை. பாகவத மேளாவிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம்?
– சங்கச் செயலாளர், கோயம்புத்தூர்

பதில்: நரசிம்மர் முகமூடியை எடுத்துக்கொள்ளாதீர்கள், அந்த ஆவேசத்தை ஒத்திகை பார்த்து வரவழைத்தால் சிரிப்புத்தான் வரும். முகத்தில் வர்ணம் பூசி, தூணுக்குப் பின்னால் ஒரு விளக்கு வைத்தாலே போதும். பிரவேசப் பாட்டு என்னும் உத்தியைத் தாராளமாகக் கையாளலாம். நடிக்கத் தெரியாதவரையும் ஒரு நல்ல பாட்டு மேடைக்கு நடுவே கொண்டுவந்து நிறுத்திவிடும். அவர் யார் என்பதையும் பாட்டே சொல்லிவிடுவதால் வசனம் பாதியாகக் குறையும். பதிவு செய்த இசையை ஓட்டிவிட்டு வாயசைப்பதைத் தவிருங்கள். குழந்தை ஒரு அடி மறந்து நின்றால் நேரில் பாடுபவர் அந்த வரியைத் திரும்பப் பாடிக் காப்பாற்றுவார், பெட்டி காப்பாற்றாது. ஒரு மிருதங்கம், ஒரு சுருதிப்பெட்டி, பக்கத்து வீட்டில் நன்றாகப் பாடும் இருவர் இருந்தால் போதும். பிரகலாதனுக்கு எட்டு வயதுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோணங்கியை மறந்துவிடாதீர்கள். சங்கத்திலேயே அதிகம் பேசுபவருக்கு அந்த வேடத்தைக் கொடுக்கலாம். வரவேற்புரை, பொன்னாடை, சிறப்பு விருந்தினர் பேச்சு ஆகியவற்றை அவர் வருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். அல்லது மங்களம் பாடிய பிறகு, யார் மிச்சமிருக்கிறார்களோ அவர்களுக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.