தாராக்களுக்கு வருத்தம் இல்லை, வைரஸும் இல்லையா?

கேள்வி: தம்பலகாமத்தில் வயலோரம் எங்கள் வீடு. தாராக்களும் கோழிகளும் வளர்க்கிறோம். தாராவின் உடம்பில் பல வகை வைரஸ்கள் இருக்கும், அவை மாறிக்கொண்டே இருக்கும் என்று மகளின் ஆசிரியை சொன்னாராம். எங்கள் தாராக்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஏழு வயது மகள்தான் முட்டை எடுப்பாள். எல்லாவற்றையும் விற்றுவிடட்டுமா?

பதில்: விற்க வேண்டாம். ஆனால் ஆசிரியை சொன்னது உண்மை. தாரா நன்றாக இருக்கிறது என்பதால் அதனிடம் வைரஸ் இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது.

பறவைக் காய்ச்சலை உண்டாக்கும் இன்புளுவன்சா ஏ வைரஸ்களுக்கு நீர்ப்பறவைகளே இயற்கையான இருப்பிடம். அவற்றில் பெரும்பாலானவை தாராவின் குடலில் பெருகி எச்சத்தோடு வெளியேறும்; தாராவுக்குத் தும்மல்கூட வராது. வைரஸின் மேற்பரப்பில் உள்ள இரண்டு புரதங்களை வைத்துத்தான் எச்5என்1 போன்ற பெயர்கள் வருகின்றன. பறவைகளில் முதலாவது புரதத்தில் 16 வகையும் இரண்டாவதில் 9 வகையும் நெடுங்காலமாக அறியப்பட்டவை.

மாற்றம் நடக்கும் விதம்தான் முக்கியம். இந்த வைரஸின் மரபுப் பொருள் 8 தனித்தனித் துண்டுகளாக இருக்கிறது. இரண்டு வகை வைரஸ்கள் ஒரே தாராவின் ஒரே உயிரணுவில் நுழைந்தால், இரண்டு கட்டு சீட்டைக் கலைத்தது போலத் துண்டுகள் இடம் மாறும். 256 சேர்க்கைகள் வரை சாத்தியம். ஐப்பசிக்குப் பிறகு வடக்கிலிருந்து வலசை வரும் காட்டுத் தாராக்கள் நம் குளங்களிலும் களப்புகளிலும் இறங்குகின்றன. அதே தண்ணீரில் வீட்டுத் தாராவும் மேய்ந்தால் கலப்புக்கு வாய்ப்புக் கூடும்.

இந்தப் பறவை வைரஸ்களில் மிகப் பெரும்பான்மை மனிதருக்கு எளிதில் தொற்றாது. மூக்கிலும் தொண்டையிலும் பறவை வைரஸ் பற்றிக்கொள்ளும் இடங்கள் நமக்குக் குறைவு. என்றாலும் 1997இல் ஹொங்கொங்கில் எச்5என்1 தொற்றிய 18 பேரில் 6 பேர் இறந்தார்கள். அதனால்தான் அலட்சியம் வேண்டாம் என்கிறேன்.

உங்கள் வீட்டில் தாராவையும் கோழியையும் ஒரே கூட்டில் அடைக்கிறீர்கள் என்றால், நான் முதலில் மாற்றச் சொல்வது அதைத்தான். தாராவில் அமைதியாக இருக்கும் எச்5, எச்7 வகைகள் கோழிகளில் பரவும்போது கடுமையானவையாக மாறக்கூடும். தண்ணீர்ச் சட்டியும் தனித்தனியாக இருக்கட்டும். கூடு கூட்டும் வேலை பெரியவர்களுடையது. எச்சத்தை நனைத்துவிட்டுக் கூட்டுங்கள், முகக்கவசமும் போடுங்கள். மகள் முட்டை எடுக்கலாம், எடுத்த கையோடு சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும்.

அப்புறம், சாமத்தியப்பட்ட பிள்ளைக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. தாரா முட்டையில் சல்மொனெல்லா கிருமியும் இருக்கலாம். மஞ்சள் கரு இறுகும்வரை அவித்துக் கொடுங்கள். அவித்த முட்டையின் புரதம்தான் உடம்பில் நன்றாகச் சேரும்.

கோழியோ தாராவோ திடீரென்று பல ஒன்றாகச் செத்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், கறியும் வைக்காதீர்கள்; கால்நடை வைத்தியருக்கு உடனே அறிவியுங்கள். அதன் பின் பத்து நாட்களுக்குள் வீட்டில் யாருக்காவது காய்ச்சலோ இருமலோ கண் சிவப்போ வந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், பறவைகள் செத்ததை நீங்களாகவே சொல்லுங்கள். இந்த வைரஸுக்கு எதிரான ஒசெல்டமிவிர் மருந்தை, வருத்தம் தொடங்கிய முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம்.