காதைத் தீட்டிக்கிட்டு உக்காருங்க: பழைய பேய்ப்படங்கள் பத்தி வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல பழைய பேய்ப்படங்கள் பத்தி ரெண்டு பத்தி எழுதினதுக்கு இவ்ளோ கேள்வி வரும்னு எதிர்பாக்கல, ரொம்ப சந்தோஷம். இடம் இருக்கிற வரைக்கும் பதில் சொல்றேன்.

கேள்வி: என் மகன் பாலிடெக்னிக்ல படிக்கிறான். பழைய பேய்ப்படம் எதைப் போட்டாலும் பத்து நிமிஷத்துல போனை எடுத்துடறான், “ஒண்ணுமே நடக்கலையேப்பா”ங்கிறான். அவனுக்கு எப்படிப் புரிய வைக்கிறது? (அங் மோ கியோ வாசகர்)

வாயால சொல்லிப் புரிய வைக்க முடியாதுங்க, ஒரே ஒரு காட்சியைப் போட்டுக் காட்டுங்க. 1942-ல வந்த ‘கேட் பீப்பிள்’னு ஒரு அமெரிக்கப் படம், தயாரிப்பாளர் வால் லூட்டன், இயக்குநர் ஜாக் டூர்னர், மொத்தமே ஒண்ணேகால் மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிரும். அதுல ராத்திரி நேரம் பார்க் ஓரமா ஒரு பொண்ணு தனியா நடந்து போறா, கொஞ்ச தூரம் விட்டு இன்னொரு பொண்ணு அவ பின்னாடியே வர்றா. பின்னணி இசைன்னு எதுவுமே கிடையாது, ரெண்டு பேரோட ஹீல்ஸ் சத்தம் மட்டும்தான், ஒரு விளக்குக் கம்பம் வரும், அப்புறம் இருட்டு, திரும்ப ஒரு விளக்கு, இப்படியே போய்க்கிட்டு இருக்கிறப்ப ஒரு ஜோடி ஹீல்ஸ் சத்தம் மட்டும் சட்டுனு நின்னுடும். முன்னாடி போறவளுக்கு அது கொஞ்சம் லேட்டாதான் உறைக்குது, திரும்பிப் பாக்குறா, யாரையும் காணோம், நடை ஓட்டமா மாறுது. அந்த நேரம் பாத்து சீறுற மாதிரி ஒரு சத்தம் வரும் பாருங்க, தூக்கிவாரிப் போட்டுரும். என்னன்னு பாத்தா ஸ்டாப்புல பஸ் வந்து நிக்குது. அவ்ளோதான் காட்சி.

சினிமாக்காரங்க இன்னிக்கு வரைக்கும் இந்த மாதிரி இடத்துக்கு ‘லூட்டன் பஸ்’னுதான் பேரு சொல்றாங்க. ஸ்டூடியோ லூட்டனுக்குக் குடுத்தது ஒரு தலைப்பும் சின்ன பட்ஜெட்டும்தான். மிருக வேஷம் போட்டு ஒருத்தரைக் கேமரா முன்னாடி நிறுத்துறதை விட இருட்டையும் சத்தத்தையும் நம்பலாம்னு முடிவு பண்ணாரு. உங்க மகன் ‘ஒண்ணும் நடக்கல’ன்னு சொல்றது சரிதான், அந்த நடக்காத நேரத்துலதான் படமே இருக்கு. ராத்திரி பன்னெண்டு மணிக்கு லிஃப்டை விட்டு இறங்கி காரிடார்ல நடக்கிறப்ப பின்னாடி ஒரு செருப்புச் சத்தம் கேட்டு அது நின்னுபோனா அவனுக்கு எப்படி இருக்கும்னு கேளுங்க. அதுக்கப்புறம் ஹால் லைட்டை அணைச்சிட்டு, போன் எல்லாத்தையும் ரூம்ல வெச்சிட்டு, நீங்களும் கூட உக்காந்து பாருங்க, தனியா விட்டா போன்தான் ஜெயிக்கும்.

கேள்வி: கடைசி வரைக்கும் பேயையே காட்டாத நல்ல பேய்ப்படம் இருக்கா? (பொங்கோல் வாசகி)

இருக்கு, ‘தி ஹாண்டிங்’, 1963. இயக்கினவர் ராபர்ட் வைஸ், மேல சொன்ன லூட்டன்தான் இவருக்கு முதல்ல டைரக்‌ஷன் வாய்ப்பு குடுத்தவரு. ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’க்கும் ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’குக்கும் நடுவுல இப்படி ஒரு கறுப்பு வெள்ளைப் படம் எடுத்திருக்காருங்கிறதே பல பேருக்குத் தெரியாது. ரெண்டு பொண்ணுங்க ஒரு ரூம்ல ஒருத்தரை ஒருத்தர் கட்டிப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்க, வெளிய காரிடார்ல இருந்து தடால் தடால்னு இடிக்கிற சத்தம் கிட்ட வந்துக்கிட்டே இருக்கும். இன்னொரு இடத்துல மூடின மரக்கதவு உள்பக்கமா அப்படியே வீங்கி வளையும், அந்தப் பக்கம் என்ன நிக்குதுன்னு படம் சொல்லவே சொல்லாது. டிவி வால்யூமைக் கொஞ்சம் கூட்டி வைங்க, ஆனா மேல் வீட்டுக்காரங்க தூங்குற நேரமா இல்லாம பாத்துக்கோங்க.

கேள்வி: அந்தக் காலத்துல சிங்கப்பூர்லயே பேய்ப்படம் எடுத்தாங்கன்னும் அதைத் தமிழ்க்காரங்க எல்லாம் வரிசையில நின்னு பாத்தாங்கன்னும் எங்க தாத்தா சொல்லுவாரு. நிஜமா? இப்ப பாக்க முடியுமா? (ஈசூன் வாசகர்)

நிஜம்தான், அந்தக் கதையில நம்ம ஆளுங்களுக்குப் பெரிய பங்கு இருக்கு, அதனால இதுக்குக் கொஞ்சம் நீளமாவே பதில் சொல்றேன்.

அம்பதுகள்ல இங்க ரெண்டு பெரிய ஸ்டூடியோ, பாலஸ்டியர் பக்கம் ஜாலான் அம்பாஸ்ல ஷா, ஈஸ்ட் கோஸ்ட் ரோட்டுல கேத்தே-கெரிஸ். ரெண்டும் மலாய்ப் படங்கள் எடுத்தாங்க, ஆனா ஆரம்ப வருஷங்கள்ல டைரக்டர்கள்ல நிறைய பேர் இந்தியாவுல இருந்து வந்தவங்க. கேத்தே-கெரிஸ் 1957 ஏப்ரல்ல ‘பொந்தியானாக்’ படத்தை ரிலீஸ் பண்ணாங்க (பொந்தியானாக்னா மலாய்க் கதைகள்ல வர்ற, ரத்தம் குடிக்கிற பெண் பேய்), அதை எடுத்தவரு பி.என். ராவ், சென்னையில 1941-ல வந்த ‘மதனகாமராஜன்’ எடுத்த அதே ராவ்தான். ஹீரோயின் மரியா மெனாடோ. கூன் விழுந்த ஒரு அசிங்கமான பொண்ணு மருந்து குடிச்சு அழகியாகுறா, கல்யாணம் நடக்குது, அப்புறம் புருஷனைப் பாம்பு கடிக்க, விஷத்தை உறிஞ்சப் போய் ரத்தத்தோட ருசி அவளுக்குத் தெரிஞ்சிடுது. கதையைக் கேட்டாலே நம்ம ஊர் மோகினிக் கதைகள் ஞாபகம் வருதில்ல, தாத்தா தலைமுறைக்கு அதுதான் உடனே ஒட்டிக்கிச்சுன்னு நான் நெனைக்கிறேன், பாஷை புரியணும்னு அவசியமே இல்ல. படம் பெரிய ஹிட். அதே வருஷம் ‘டெண்டாம் பொந்தியானாக்’, 1958-ல ‘சும்பா பொந்தியானாக்’னு ராவே அடுத்தடுத்து எடுத்தாரு. அதே 1958-ல எண்ணெய் பூசின மனுஷனைப் பத்தின ‘ஓராங் மின்யாக்’ வந்துச்சு, அதை எடுத்தவரு எல். கிருஷ்ணன், அவரும் சென்னையில பொறந்தவருதான்.

இனிமே சொல்றது வருத்தமான விஷயம். முதல் ரெண்டு பொந்தியானாக் படத்துக்கும் இன்னிக்கு ஒரு பிரிண்ட் கூட கிடையாது. தயாரிப்பாளர் ஹோ ஆ லோக் பிலிம் சுருள்களை மலேசியாவுல ஒரு பழைய ஈயச் சுரங்கக் குட்டையில வீசிட்டாருன்னு சொல்றாங்க. போஸ்டரும் ஃபோட்டோவும் பாத்தவங்க ஞாபகமும்தான் மிச்சம். இந்த ஊர் எடுத்த படம் இந்த ஊர்லயே இல்லன்னு நெனைக்கிறப்ப எனக்கு ஆத்திரமா வருது, அன்னிக்கு இதெல்லாம் பாதுகாக்க வேண்டிய சொத்துன்னு யாருக்கும் தோணல, பேய்ப்படம்தானேன்னு விட்டுட்டாங்க. உங்க தாத்தா அந்த முதல் படத்தைத் தியேட்டர்ல பாத்தவரா இருந்தா தயவுசெஞ்சு அவரை உக்கார வெச்சுப் பேசச் சொல்லி போன்ல ரெக்கார்ட் பண்ணி வைங்க, எந்தத் தியேட்டர், கூட யாரு, எந்த இடத்துல ஜனங்க அலறினாங்க, எல்லாத்தையும் கேளுங்க.

நல்லவேளை மூணாவது படம் ‘சும்பா பொந்தியானாக்’ தப்பிச்சிருக்கு. கேத்தே-கெரிஸ் மலாய்ப் படத் தொகுப்பை ஏஷியன் ஃபிலிம் ஆர்க்கைவ் பாதுகாத்துக்கிட்டு வருது, 2014-ல யுனெஸ்கோவோட ஆசிய பசிபிக் நினைவுப் பதிவேட்டுலயும் அது இடம் பிடிச்சிருக்கு. கேனிங் ரைஸ்ல அவங்க நடத்துற ஓல்டம் தியேட்டர்ல பழைய படங்கள் ஓடும், நிகழ்ச்சி நிரலை அடிக்கடி பாத்து வைங்க. பாக்குறப்ப ஒண்ணு ஞாபகம் இருக்கட்டும், நடுவுல பாட்டு வரும், வாஹித் சாத்தேயோட காமெடி வரும் (முதல் படத்துல சாத்தே, அதாவது குச்சியில குத்திச் சுட்ட கறி, விக்கிறவரா நடிச்சதுலதான் அவருக்கு அந்தப் பேரே வந்துச்சு), அதையெல்லாம் ஓட்டி விட்டுடாதீங்க. சிரிச்சு முடிச்ச சூட்டோட வாழைத் தோப்பு இருட்டுக்குள்ள போறப்பதான் அந்த இருட்டுக்கு வலு.

கேள்வி: தமிழ்ப் பேய்ப்படம்னா 80-க்கு அப்புறம் வந்த வெள்ளைச் சேலை, சலங்கைச் சத்தம் இதுதான் ஞாபகம் வருது. அதுக்கு முன்னாடி தரமா எதுவும் இல்லையா? (தெம்பனிஸ் வாசகி)

இருக்குங்க, ஆனா அதுல சிலதை நாம பேய்ப்படம்னே கணக்குல சேக்கறதில்ல. ஸ்ரீதரோட ‘நெஞ்சம் மறப்பதில்லை’ (1963) எடுத்துக்கோங்க. பி.பி. ஸ்ரீனிவாஸும் சுசீலாவும் பாடின பாட்டு எல்லாருக்கும் மனப்பாடம், படத்தை முழுசா பாத்தவங்க குறைச்சல். நண்பனோட ஊருக்கு வர்ற ஒருத்தன் அந்தப் பழைய மாளிகையில பூட்டிக் கெடக்கிற ஒரு ரூமுக்குள்ள போனதும் போன ஜென்மம் ஞாபகத்துக்கு வந்துடுது, இதுதான் கதை. கேமரா ஏ. வின்சென்ட். கதவு நிழல், ஜன்னல் வழியா விழுற வெளிச்சம், தூசி, இதை வெச்சே அந்த மனுஷன் நம்மளை உள்ள இழுத்துருவாரு. நூறு வயசைத் தாண்டியும் வன்மம் அடங்காத கிழவரா நம்பியார் வர்ற காட்சிகளை ராத்திரியில தனியா பாத்துட்டு சொல்லுங்க. இதுல பேய்னு எதுவும் கிடையாது, செத்துப் போனவ மேல இருக்கிற பாசமும் உயிரோட இருக்கிறவனோட கோபமும்தான் அந்த வீட்டைச் சுத்திச் சுத்தி வருது.

அதே வின்சென்ட் அடுத்த வருஷமே மலையாளத்துல டைரக்டர் ஆயிட்டாரு, படம் ‘பார்கவி நிலையம்’ (1964), எழுதினது வைக்கம் முகம்மது பஷீர், இசை பாபுராஜ். ஒரு எழுத்தாளர் வாடகைக்கு வர்ற வீட்டுல செத்துப்போன பொண்ணோட ஆவி இருக்குன்னு ஊரே சொல்லுது. அவரு என்ன பண்றாருன்னா, அந்த ஆவிகிட்டயே பேச ஆரம்பிச்சிடறாரு, ‘நான் தங்கிக்கிறேன் அம்மா, உனக்குத் தொந்தரவு குடுக்க மாட்டேன்’ங்கிற தோரணையில, மரியாதையோட, கொஞ்சம் செல்லமா. காலி வீட்டுல ஒருத்தர் தனியா பேசிக்கிட்டே இருக்காரு, ஊஞ்சல் ஆடுது, கெணறு இருக்கு, கிராமஃபோன்ல பாட்டு ஓடுது, பதிலே வராது, ஆனா கொஞ்ச நேரத்துல நாமளே பதிலுக்குக் காது குடுத்துக்கிட்டு உக்காந்திருப்போம். பயமும் பிரியமும் ஒண்ணா கலந்து வர்ற படங்கள் ரொம்ப அபூர்வம், என்னைக் கேட்டா தென்னிந்தியாவுல வந்த ஆவிக் கதைகள்ல இதுக்குத்தான் முதல் இடம். மலையாளம் தெரியலன்னாலும் பாருங்க, முக்கால்வாசி புரியும்.

அடுத்து ‘யார் நீ’ (1966), ஜெய்சங்கர், ஜெயலலிதா, ‘நானே வருவேன்’ பாட்டு. இந்திப் படத்தோட ரீமேக்தான், ஆனாலும் சுசீலாவோட குரலுக்காகவே பாக்கலாம்.

கேள்வி: கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கலர் ஏத்தின வெர்ஷன் ஆன்லைன்ல கெடைக்குது, அது ஓகேவா? (உட்லண்ட்ஸ் வாசகர்)

வேண்டாம். ‘தி இன்னசென்ட்ஸ்’ (1961) படத்துக்கு ஒளிப்பதிவாளர் ஃப்ரெடி ஃப்ரான்சிஸ் ஃபில்டர்ல கையால சாயம் பூசி ஃபிரேமோட ரெண்டு ஓரத்தையும் இருட்டாக்கினாரு, அந்த ஓரத்துல ஏதோ நிக்குதோன்னு நம்ம கண்ணு போய்க்கிட்டே இருக்கணுங்கிறதுக்காக. அப்படிப் பாத்துப் பாத்து செஞ்ச இருட்டு மேல கலர் ஊத்தினா என்ன மிஞ்சும்?

கேள்வி: யாருமே கண்டுக்காத படம் ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, இந்த சனிக்கிழமை பாக்குறேன். (புக்கிட் பாத்தோக் வாசகர்)

‘கார்னிவல் ஆஃப் சோல்ஸ்’, 1962. இதை எடுத்த ஹெர்க் ஹார்வி அமெரிக்காவுல கன்சாஸ்ல கல்விப் படம், கம்பெனிகளுக்கான படம்னு எடுத்துக்கிட்டு இருந்தவரு. காருல போறப்ப யூட்டாவுல உப்பு ஏரிக் கரையில கைவிடப்பட்டுக் கெடந்த சால்ட்ஏர்ங்கிற பெரிய கேளிக்கை மண்டபத்தைப் பாத்திருக்காரு, அதுலயே மனசு நின்னு போச்சு, அதுக்காகவே கதை எழுத வெச்சு சுமார் 33,000 டாலர்ல படத்தை முடிச்சிட்டாரு. கார் ஆத்துல விழுந்த விபத்துல தப்பிச்ச ஒரு பொண்ணு சர்ச்சுல ஆர்கன் வாசிக்கிற வேலைக்கு வேற ஊருக்குப் போறா, வழியெல்லாம் ஒரு வெளுத்த முகம் அவளைப் பாத்துக்கிட்டே இருக்கு (அந்த முகம் ஹார்வியே தான்). படம் முழுக்க ஆர்கன் இசை. அதுல ஒரு இடம், அவ துணிக்கடையில டிரஸ் மாத்திட்டு வெளிய வர்றா, உலகத்துல எல்லாச் சத்தமும் நின்னு போயிருக்கு, அவ பேசுறது யாருக்கும் கேக்கல, யாரும் அவளைப் பாக்கல. தெருவுல கூட்டம் நடக்குது, சத்தமே இல்ல, அவளோட காலடி மட்டும் நமக்குக் கேக்குது. கடைசியில பார்க்ல ஒரு மரத்துல சாயுறப்ப ஒரு குருவி கத்துறது கேட்டு எல்லாச் சத்தமும் திரும்ப வரும். சாதாரண பகல் வெளிச்சத்துல, ரத்தம் இல்லாம, அடிதடி இல்லாம இவ்ளோ பயமுறுத்த முடியும்னா அது பெரிய கலை. நடிப்பு அங்கங்க கொஞ்சம் விறைப்பா இருக்கும், பொறுத்துக்கோங்க.

கேள்வி: செத்தவங்க ஆவி வெளிய வரும்னு சீனர்கள் நம்புற அவங்க ஏழாம் மாசத்துல பேய்ப்படம் பாக்கக்கூடாதுன்னு எங்க அம்மா திட்டுறாங்க. உங்க கருத்து? (சிராங்கூன் வாசகி)

அம்மா மனசு கஷ்டப்படுதுன்னா ஒரு மாசம் தள்ளிப் போடுங்க, படம் எங்கயும் ஓடிப் போகாது. எனக்கு அந்த மாசத்துல பாக்கப் பிடிக்கும், கீழ புளோக்குக்குப் பக்கத்துல சீனக் குடும்பங்க காகிதம் எரிச்சுக்கிட்டு இருக்கிற புகையும் ஊதுபத்தி வாசமும் ஜன்னல் வழியா வர்றப்ப, செத்தவங்களை மதிக்கிற ஒரு படம் பாக்குறது பொருத்தமாதான் இருக்கு. ஜப்பான்ல கோபயாஷி அறுபதுகள்ல எடுத்த ‘க்வைடான்’ அப்படிப்பட்ட படம், நாலு தனிக்கதை, மூணு மணி நேரம், ஒரு ராத்திரிக்கு ஒரு கதைன்னு பாக்கலாம். மூணாவது கதையில கண்ணு தெரியாத ஒரு பாடகனைச் செத்துப்போன போர்வீரர்கள் ராத்திரியில பாடக் கூப்பிடுறாங்க, அவனைக் காப்பாத்த உடம்பு முழுக்க மந்திரம் எழுதுற சாமியாருங்க காதை மட்டும் விட்டுடறாங்க. அதுக்கு மேல சொல்ல மாட்டேன்.

கேள்வி: வேலைக்குப் போறப்ப எம்ஆர்டியில போன்லதான் எனக்குப் படம் பாக்க நேரம். இந்தப் படங்களை அப்படிப் பாக்கலாமா? (ஜூரோங் வெஸ்ட் வாசகர்)

வெளிச்சத்துல அந்தச் சின்ன ஸ்கிரீன்ல இருட்டான காட்சியெல்லாம் வெறும் கறுப்பா தெரியும், மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவை அடுத்த ஸ்டேஷன் அறிவிப்பு வேற. அந்த நேரத்துக்கு வேற படம் வெச்சுக்கோங்க, இதுல ஒண்ணை மட்டும் லீவு நாள் ராத்திரிக்கு எடுத்து வைங்க. டிவி இல்லன்னா போன்லயே பாருங்க, ஆனா ரூம் லைட்டை அணைச்சிட்டு, நல்ல இயர்ஃபோன் போட்டுக்கிட்டு, நோட்டிஃபிகேஷனை ஆஃப் பண்ணிட்டு. ‘கேட் பீப்பிள்’ல இருந்து ஆரம்பிங்க, அதுதான் நீளம் கம்மி.