ஒற்றை முனை ரேசர்களில் எது நெருக்கமாகவும் எரிச்சல் இல்லாமலும் மழிக்கும்?

உங்களுக்கு இருக்கும் அதே கழுத்துதான் எனக்கும். கன்னம் இரண்டு இழுப்பில் முடிந்துவிடும். தாடைக்குக் கீழே வந்ததும் வம்பு தொடங்கும். பிளேடின் இரு பக்கமும் கூராக இருக்கும் இரட்டை முனை ரேசரில் கழுத்து சிவந்து எரிகிறது, ஒரு பக்கம் மட்டும் கூரான ஒற்றை முனைக்கு மாறலாமா, மாறினால் ஜெம், இன்ஜெக்டர், ஏசி என்ற மூன்று பிளேடு வகைகளில் எது என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தி ஆறு வருடம் ஆகிறது. அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கழுத்துக்காக மாறுவதென்றால் இன்ஜெக்டர். ஏன் என்று கேட்டால்தான் கதை கொஞ்சம் நீளும்.

ரேசரைப் பார்த்து வாங்குகிறோம், ஆனால் உண்மையில் நாம் தேர்ந்தெடுப்பது பிளேடைத்தான். இரட்டை முனை பிளேடின் கனம் சுமார் 0.1 மில்லிமீட்டர். விரலால் அழுத்தினாலே வளையும். ரேசரின் தலை அதை வில் போல வளைத்து இறுக்கிப் பிடிப்பதால்தான் அதற்கு விறைப்பு வருகிறது. ஜெம் பிளேடு சுமார் 0.23 மில்லிமீட்டர், இன்ஜெக்டர், ஏசி இரண்டும் 0.25 பக்கம். இவற்றை வளைக்கவே வேண்டாம், தட்டையாக வைத்தாலே ஆடாமல் நிற்கும். முரட்டு முடியில் மெல்லிய பிளேடு மோதும்போது முனை லேசாக அதிரும். நன்றாக இறுக்கிப் பிடிக்காத ரேசர் என்றால் அந்த அதிர்வு கைக்கே தெரியும். என் கழுத்து எரிச்சலில் பாதி அதனால் வந்தது. மீதிப் பாதி என் கையால் வந்தது, அதற்குப் பிறகு வருகிறேன்.

ஒற்றை முனை என்றதும் ஏதோ புதுப் பாணி என்று சிலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. காம்ஃபி சகோதரர்கள் 1880-இல் காப்புரிமை பெற்ற ரேசரே ஒற்றை முனைதான். சவரக் கத்தியின் ஒரு துண்டைக் கைப்பிடியில் செருகியதுபோல் இருக்கும், அதைத் தோல்வாரில் தீட்டித் தீட்டிப் பயன்படுத்த வேண்டும். தூக்கிப் போடும் மெல்லிய இரட்டை முனை பிளேடோடு ஜில்லெட் விற்பனைக்கு வந்தது 1903-இல். முதல் வருடம் விற்றது 51 ரேசர், 168 பிளேடு. அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும்.

சரி, ஜெம்முக்கு வருவோம். முதுகுப் பக்கம் ஒரு தகட்டு மடிப்பு வைத்த பிளேடு இது. 1912 மாதிரியில் மூடியைத் திறந்து பிளேடைச் சறுக்கிவிட வேண்டும். மைக்ரோமேட்டிக் மாதிரியில் கைப்பிடியின் அடியைத் திருகினால் தலை திறக்கும். இரண்டுமே இப்போது பழைய பொருளாகத்தான் கிடைக்கும், ஆனால் பிளேடு இன்னும் புதிதாக வருகிறது. நானும் ஒரு பழைய மைக்ரோமேட்டிக்கோடுதான் தொடங்கினேன். முதல் வாரம் அழுகைதான். இரட்டை முனை ரேசரைப் பிடிப்பதுபோல் கைப்பிடியைக் கீழே சாய்த்துப் பிடித்தால் இது சுரண்டும். ஜெம் தலையை அப்படியே கன்னத்தில் தட்டையாகப் படுக்க வைக்க வேண்டும். கைப்பிடி முகத்துக்கு நேராக வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், பார்க்கக் கோமாளித்தனமாக இருக்கும். அங்கிருந்து ஒரு சிறு சாய்வு, அவ்வளவுதான். சரியான கோணம் கிடைத்துவிட்டால் காதிலேயே தெரியும். வறண்ட புல்லை அறுப்பதுபோல் சரசரவென்று ஒரு சத்தம் வரும். சத்தம் நின்றால் கோணம் தவறிவிட்டது என்று பொருள். இப்படிச் சொல்லிக்கொடுக்கும் ரேசர் வேறு இல்லை.

கன்னத்தில் ஜெம் கொடுக்கும் நெருக்கத்துக்கு நான் பயன்படுத்தியதில் ஏசி ஒன்றுதான் ஈடு. ஆனால் தலை பெரிது. மூக்குக்கு அடியில் சுற்றி வளைக்க வேண்டும். கழுத்தின் பள்ளத்தில் தட்டையாகப் படுக்க இடமே இல்லை, அங்கேதான் கோணம் தவறும்.

ஒரு எச்சரிக்கை. ஜெம் அளவிலேயே, பெயின்ட் சுரண்டுவதற்கும் ஒட்டுத்தாள் பிரிப்பதற்கும் பூச்சு இல்லாத பிளேடுகள் விற்கிறார்கள். பார்க்க அச்சு அசல் ஒன்றுதான். பிளேடு தீர்ந்துபோன ஒரு காலையில் அதைப் போட்டு மழித்தேன். முடியை அறுக்கவில்லை, பிடுங்கியது. சவர பிளேடின் முனையில் வழுக்கும் பூச்சு ஒன்று இருக்கும், வாணலியில் ஒட்டாமல் இருக்கப் பூசுகிறார்களே அதே இனம். அது இல்லாத எஃகு எவ்வளவு கூராக இருந்தாலும் ஈரத் தோலில் இழுக்கும். மூன்று நாள் முகத்தைத் தொட முடியவில்லை.

இன்ஜெக்டர் அமெரிக்க ராணுவ அதிகாரியாக இருந்த ஜேக்கப் ஷிக்கின் யோசனை. தொடர்ந்து சுடும் துப்பாக்கியில் தோட்டா ஏறுவதுபோல் பிளேடு ஏற வேண்டும் என்று 1920-களில் செய்தார். ஒரு சிறு உறைக்குள் பிளேடுகள் வரிசையாக இருக்கும். அதன் சாவியைத் தலையில் நுழைத்துத் தள்ளினால் புதியது உள்ளே போகும், பழையது மறுபக்கம் வெளியே விழும். கூர்முனையில் விரலே படாது. (இவ்வளவு நன்றாகச் செய்தவர் பிறகு மின்சார ரேசர் பக்கம் போய்விட்டார் என்பது எனக்கு இன்றும் ஜீரணமாகாத விஷயம்.) தலை மெல்லியது, ஒரு பென்சிலை விடக் கொஞ்சம்தான் அகலம். மூக்கின் கீழ், உதட்டு ஓரம், தாடையின் மடிப்பு எல்லாவற்றிலும் புகுந்து வரும். கோணமும் தலையிலேயே அமைந்துவிட்டது. கார்ட்ரிட்ஜ் ரேசரைப் பிடித்த கை என்றால் புதிதாக எதுவும் பழக வேண்டாம்.

இதன் குறை, ஏசி அளவுக்கு முதல் இழுப்பிலேயே மழமழவென்று ஆகாது. இரண்டாவது இழுப்பு வேண்டும். ஆனால் இரண்டு இழுப்புக்குப் பிறகும் கழுத்து சும்மா கிடக்கும். எனக்கு அதுதான் முக்கியம்.

ஏசி என்பது ஃபெதர் நிறுவனத்தின் ஆர்ட்டிஸ்ட் கிளப் வகை பிளேடு. சலூன்காரர்களின் மடக்குக் கத்திக்காக வந்தது. காய் நிறுவனமும் இதே வகையில் செய்கிறது. நீளமான, கனமான, பயங்கரக் கூரான பிளேடு. இதற்கென்று பிளாக்லேண்ட் வெக்டர் போன்ற ரேசர்கள் இருக்கின்றன. மூன்றில் நெருக்கத்துக்கு முதல் பரிசு இதற்குத்தான், சந்தேகமே இல்லை. மழிக்கும்போது ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும், கழுவிப் பார்த்தால் முடி இருக்காது. ஆபத்தும் அதில்தான். உணர்வே இல்லாததால் கை தானாக அழுத்தும், ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போகும். இரண்டாவது நாளே தாடை எலும்பின் மேல் என்னைப் பதம் பார்த்துவிட்டது. வெட்டியது தெரியவில்லை, நுரை சிவந்ததும்தான் தெரிந்தது. பிளேடு விலையும் கூடுதல். ஆனால் எனக்கு ஒன்று பன்னிரண்டு, பதினைந்து தடவை வருகிறது. ஜெம் ஏழெட்டு, இரட்டை முனை நாலைந்து. ஃபெதரிலேயே முனையில் சிறு காப்பு வைத்த ப்ரோகார்ட் என்ற வகை உண்டு, ஏசியில் தொடங்குகிறவர்கள் அதைப் போடலாம்.

மற்றவை சுருக்கமாக. லீஃப் ட்விக் என்பது இரட்டை முனை பிளேடைப் பாதியாக உடைத்துப் போடும் ரேசர். தலை சிறியது, கையாள எளிது, இருக்கிற பிளேடே போதும். ஆனால் கனமான பிளேடுக்காக மாறுகிறவருக்கு அதே மெல்லிய பிளேடுதான் திரும்பக் கிடைக்கிறது. ஒன்பிளேட் என்ற ரேசரின் தலை அசையும், சாதுவானது. எனக்கு அந்த அசைவு பிடிக்கவில்லை. இதே பெயரில் பிலிப்ஸின் மின்சார ட்ரிம்மர் ஒன்று இருக்கிறது, தேடும்போது குழம்பாதீர்கள்.

ரேசர் ஒப்பீடுகளில் பிளேடுக்கும், அதன் முன்னால் தோலைத் தொட்டு நிற்கும் காப்புத் தண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை மட்டும் எழுதுவார்கள். அதைவிடக் கவனிக்க வேண்டியது பிளேடு எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது. மேல் மூடியின் விளிம்பிலிருந்து காப்புத் தண்டுக்கு ஒரு நூல் கட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். பிளேடின் முனை அந்த நூலைத் தாண்டி நின்றால் நெருக்கம் கூடும், தவறுக்கு மன்னிப்பு குறையும். நூலுக்கு உள்ளே நின்றால் சாது. உங்கள் கழுத்துக்கு உள்ளே நிற்பதோ நூலைத் தொட்டும் தொடாமலும் நிற்பதோதான் சரி.

இப்போது என் கையால் வந்த பாதிக்கு வருகிறேன். கழுத்தில் முடி ஒரே திசையில் வளர்வதில்லை. எனக்கு இடப்பக்கம் கீழிருந்து மேலே, வலப்பக்கம் காதை நோக்கிப் பக்கவாட்டில். இது தெரியாமல் வருடக்கணக்காக மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டிருந்தேன், அதாவது பாதிக் கழுத்தில் முதல் இழுப்பிலேயே எதிர்த்திசை. இரண்டு நாள் மழிக்காமல் விட்டு விரலால் தடவிப் பாருங்கள். எந்தப் பக்கம் குத்துகிறதோ அது எதிர்த்திசை. முதல் இழுப்பு வளரும் திசையில், இரண்டாவது குறுக்கே. கழுத்தில் அதோடு நிறுத்திவிடுங்கள்.

தோலுக்குக் கீழேயே முடியை அறுத்துவிட வேண்டும் என்ற ஆசைதான் பல எரிச்சலுக்குக் காரணம். பல பிளேடு கார்ட்ரிட்ஜில் முன் பிளேடு முடியை லேசாக இழுக்க, பின் பிளேடு அறுக்க, மீதி முடி தோலுக்குள் பின்வாங்குகிறது. சுருள் முடிக்காரர்களுக்கு அது உள்ளேயே வளைந்து வளர்ந்து பருவாகிறது. ஒற்றை முனையில் இந்த இழுப்பு இல்லை, தோல் மட்டத்தில் அறுத்துவிட்டுப் போகும். அதையும் எதிர்த்திசையில் அழுத்தி மூன்று தடவை ஓட்டினால் அதே பருவைக் கையால் வரவழைத்துக்கொள்ளலாம். நான் வரவழைத்திருக்கிறேன்.

தண்ணீரை மறந்துவிடாதீர்கள். இரண்டு மூன்று நிமிடம் வெந்நீரில் ஊறிய முடி நன்றாக இளகிவிடும், காய்ந்த முடியை அறுக்க வேண்டிய பலம் தேவைப்படாது. எஃகை விட சுமார் 50 மடங்கு மென்மையான முடி எப்படி பிளேடைக் கெடுக்கிறது என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-இல் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். முனை தேய்ந்து உருண்டையாவதை விட, அங்கங்கே சிறு சில்லுகளாகப் பெயர்வதுதான் பெரிய காரணம் என்று கண்டார்கள். அதனால் பிளேடு இழுக்க ஆரம்பித்தால் இன்னொரு நாள் பார்க்கலாம் என்று சமாளிக்காமல் மாற்றிவிடுங்கள். கழுவிய பிறகு முனையைத் துணியால் துடைக்க வேண்டாம், உதறினாலே போதும்.

என் இன்றைய நிலவரம்: வேலை நாட்களில் இன்ஜெக்டர், விடுமுறை நாளில் நேரமிருந்தால் ஏசி, அதுவும் கன்னத்துக்கு மட்டும். மைக்ரோமேட்டிக்கை அந்தச் சத்தத்துக்காக மாதத்துக்கு ஒருமுறை எடுப்பேன். நீங்கள் பழைய இன்ஜெக்டர் வாங்குவதானால் பிளேடு ஏற்றிய பிறகு ஒருமுறை முன்பக்கம் இருந்து பாருங்கள். முனை இரு ஓரங்களிலும் ஒரே அளவுக்கு வெளியே தெரிய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் துருத்திக்கொண்டிருந்தால் உள்ளே பிளேடைத் தாங்கும் தகடு வளைந்திருக்கிறது, அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.