வாசகர் கேள்விகள்: வீட்டுல இருக்குற படங்களை எப்படி வெச்சிக்கிறது?

எங்க மாமியாரோட மாமியார் காலத்து தஞ்சாவூர் படம் ஒண்ணு இருக்கு, தவழ்ற கிருஷ்ணர். நூறு வருஷத்துக்கு மேல ஆயிருக்கும்னு பெரியவங்க சொல்லுவாங்க. பூஜை ரூம்லயே இருந்து கருத்துப்போச்சு, ஓரத்துல தங்க ரேக்கு உரியுது. ஈரத்துணில துடைச்சா பளிச்சுனு ஆயிடும்னு நாத்தனார் சொல்றாங்க. தெரிஞ்ச ஒருத்தர் புதுசா பெயின்ட் அடிச்சு கல்லு மாத்தித் தரேங்குறார். பையன் அமெரிக்கால இருக்கான், அடுத்த தடவை வரப்போ எடுத்துட்டுப் போறேன்னு கேக்குறான். என்ன பண்ணலாம்? (கும்பகோணம் வாசகி)

முதல்ல அந்த ஈரத்துணிய தூர வெச்சிடுங்க, மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம். தஞ்சாவூர் படம் எப்படி செய்றாங்கன்னு தெரிஞ்சா ஏன் இவ்வளவு பதறுறேன்னு உங்களுக்கே புரியும். பழைய படம்னா அடியில பலாப்பலகை, அதுமேல துணி ஒட்டி, அதுமேல சுண்ணாம்பு மாவும் பசையும் கலந்து பூசி வழவழன்னு தேச்சிருப்பாங்க, நகை, தூண், பிரபை மாதிரி மேடா நிக்கிற இடமெல்லாம் அதே மாதிரி மாவும் பசையும் குழைச்ச மக்குதான், அதுக்கு மேலதான் தங்க ரேக்கு. இதுல முக்காவாசி தண்ணில கரையிற பசைய நம்பித்தான் நிக்குது. ஈரம் பட்டா உள்ள மாவு ஊறும், காயும்போது வெடிக்கும், வெடிச்ச இடத்துலேந்து ரேக்கு மேல எழும்பி வந்துடும். உங்க படத்துல ஓரம் ஏற்கனவே உரியுதுன்னா இதுக்கு முன்னாடியே யாரோ ஆசையா துடைச்சிருக்காங்கன்னு நெனைக்கிறேன்.

நீங்க செய்யக்கூடியது இவ்வளவுதான். பூஜை ரூம்லேந்து வெளிய கொண்டு வந்துடுங்க, ஏன்னா கற்பூரப் புகையும் எண்ணெய்ப் புகையும்தான் அந்தக் கருப்பு. கண்ணாடிக்கு மேல மட்டும் காஞ்ச மெத்துன துணியால துடைங்க, கண்ணாடிய கழட்டாதீங்க, சில படத்துல ரேக்கும் கல்லும் கண்ணாடியோட ஒட்டிக்கிட்டிருக்கும், இழுத்தா பேத்துக்கிட்டு வந்துடும். உதிர்ந்த துணுக்கு கிடைச்சா ஒரு சின்ன டப்பால போட்டு படத்தோடவே வெச்சிருங்க, பழுது பாக்குறவருக்கு அது தேவைப்படும். அப்புறம் புது பெயின்ட் வேண்டவே வேண்டாம். கிருஷ்ணரோட கண்ணை ஒருத்தர் வரைஞ்சிருக்கார், அந்தக் கோட்டுக்கு மேல இன்னொரு கோடு போட்டா முதல் கோடு போனது போனதுதான். சேதத்தை நிறுத்திக் குடுக்குற, புதுசு பண்ணாத ஆளா தேடுங்க, அருங்காட்சியகத்துல பழுது பாக்குற பிரிவு இருந்தா அங்கயே போய் கேளுங்க.

பையன் விஷயம் கொஞ்சம் கவனமா இருங்க. 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் தாண்டின ஓவியம் தொல்பொருள் கணக்குல வரும், அதைத் தனி ஆள் வெளிநாட்டுக்கு எடுத்துட்டுப் போக முடியாது. நூறு வருஷம் ஆகலன்னா கூட, இது தொல்பொருள் இல்லைன்னு மத்திய தொல்லியல் துறைகிட்ட சான்று வாங்கித்தான் ஏத்தணும். வீட்டுல வெச்சிக்கிறதுக்கும் பதிவு தேவைப்படுமான்னு அவங்ககிட்டயே கேட்டுக்கோங்க. படம் அங்கயே இருக்கட்டும்மா, பையன் வரும்போது வந்து பாக்கட்டும்.

எங்க ரெண்டு பேருக்கும் ஐடி வேலை, பெரும்பாக்கத்துல வாடகை வீடு. ஹால் சுவர் காலியா இருக்கு. ஆன்லைன்ல விக்கிற கேன்வாஸ் பிரின்ட் வாங்காம உண்மையான ஒரு படம் வாங்கணும்னு ஆசை. பட்ஜெட் 15,000. கேலரிக்குள்ள போகவே கூச்சமா இருக்கு. (சென்னை)

உங்க வீட்டுலேந்து ஈசிஆர் பக்கம் ஒரு நடை போனீங்கன்னா ஈஞ்சம்பாக்கத்துல சோழமண்டலம் இருக்கு, அங்கேந்தே ஆரம்பிங்க. 1966ல கே.சி.எஸ். பணிக்கரும் அவர்கிட்ட படிச்ச பசங்களும் சேர்ந்து உருவாக்குன ஓவியர் கிராமம், பாத்திக் மாதிரி கைவேலை செஞ்சு வித்த காசுல மணல்காட்டுல இடம் வாங்கி வீடு கட்டிக்கிட்டாங்க. கூச்சமே வேண்டாம், வாங்கணும்னு கட்டாயமும் இல்ல, மூணு தடவை சும்மா போய் பாத்துட்டு வாங்க. எந்தப் படத்துக்கு முன்னாடி உங்க கால் தானா நிக்குதோ அதை மட்டும் ஞாபகம் வெச்சிக்கோங்க, ஒரு வாரம் கழிச்சும் அது மனசுல இருந்தா அதுதான் உங்க படம்.

15,000ல பெரிய ஆயில் பெயின்டிங் தேடாதீங்க, கோட்டோவியம், சின்ன வாட்டர்கலர், எட்சிங் (உலோகத் தகடுல கோடு அரிச்சு, மை பூசி, பேப்பர்ல அழுத்தி எடுக்குற படம்) இதெல்லாம் தேடுங்க. 1850ல ஆரம்பிச்ச, எழும்பூர்ல இருக்குற ஓவியக் கல்லூரில படிக்கிற பசங்க காட்சி வைக்கும்போது போங்க, கிரீம்ஸ் ரோடு லலித் கலா அகாடமியில நடக்குற காட்சிகளுக்கும் போங்க, படிப்பு முடிச்சு வர்ற பசங்க படத்தை இந்த பட்ஜெட்ல வாங்க முடியும், அதோட அந்தப் பணம் அவங்களுக்கு அடுத்த கேன்வாஸும் கலரும் ஆகும்.

எட்சிங் வாங்குறதா இருந்தா கீழ ஓரத்தைப் பாருங்க. பென்சில்ல 7/25ன்னு எழுதியிருக்கும், 25 பிரதில இது ஏழாவதுன்னு அர்த்தம், வலது பக்கம் கையெழுத்து, படத்தைச் சுத்தி தகடு அழுத்தின தடம் விரல் வெச்சா லேசா தெரியும். அந்த வெள்ளை ஓரம் படத்தோட ஒரு பாகம். என்னோட முதல் எட்சிங்கை ஒரு ஃபிரேம் கடைல குடுத்துட்டு சாயங்காலம் போய் பாத்தா, சட்டத்துக்குள்ள அடங்கலன்னு பிளேடால ஓரத்தை வெட்டிட்டாங்க, நம்பரும் கையெழுத்தும் அந்தத் துண்டோட குப்பைக்குப் போயிடுச்சு, கூடைய கவுத்துத் தேடினேன், கிடைக்கல. இருபது வருஷம் ஆச்சு, இன்னும் அந்தப் படத்தைப் பாக்கும்போதெல்லாம் கீழ ஓரத்துக்குத்தான் கண்ணு போகுது. அதனால வெட்டக்கூடாது, ஒட்டக்கூடாது, இந்த ரெண்டையும் பில்லுல எழுதச் சொல்லிட்டு குடுங்க.

வாடகை வீட்டுல ஆணி அடிக்க ஓனர் விடலன்னா ஷெல்ஃப் மேல சாச்சு வைங்க, ஒண்ணும் குறைஞ்சிடாது.

தாத்தா வீட்டை இடிக்கும்போது பரண்ல ரவிவர்மா லட்சுமி படம் கிடைச்சுது, புடவைக்கு மேல நிஜ துணியும் ஜிகினாவும் ஒட்டியிருக்கு. யாரோ கெடுத்துட்டாங்களா? ஒட்டினதைப் பிரிச்சிடலாமா? (காரைக்குடி)

பிரிக்காதீங்க! அது கெடுத்தது இல்ல, ஆசையா பண்ணது. ரவிவர்மா 1894ல பம்பாய்ல அச்சகம் ஆரம்பிச்சு தன்னோட படங்களை கல்லச்சுல போட்டு விட்டதுக்கு அப்புறம்தான் அவரோட லட்சுமியும் சரஸ்வதியும் சாதாரண வீட்டு சுவருக்கு வந்தாங்க. அப்படி வந்த படத்துக்கு வீட்டுப் பொம்பளைங்க ஜரிகை, மணி, சமிக்கியெல்லாம் வெச்சு சாமிக்குப் புடவை கட்டி விடுற மாதிரி அலங்காரம் பண்ணாங்க, இன்னைக்கு அந்த மாதிரிப் படங்களைத் தேடி சேக்குறவங்க இருக்காங்க. உங்க வீட்டுல அந்த ஊசி பிடிச்சது யாருன்னு வயசானவங்ககிட்ட கேட்டு, பேரை ஒரு சீட்டுல எழுதி படத்தோட வைங்க.

வாட்டர்கலர் படத்துல மழைக்காலம் முடிஞ்சதும் பழுப்புப் புள்ளி வருது. (வேளச்சேரி)

பெரும்பாலும் பூஞ்சைதான். எந்தச் சுவர்ல மாட்டியிருக்கீங்கன்னு பாருங்க, அந்தப் பக்கம் பாத்ரூமா இருக்கும், இல்ல மழை அடிக்கிற வெளிச்சுவரா இருக்கும். முதல்ல இடத்தை மாத்துங்க. ஃபிரேமுக்குப் பின்னாடி கீழ் மூலைங்கள்ல ரெண்டு ரப்பர் துண்டு ஒட்டினா சுவருக்கும் படத்துக்கும் நடுவுல காத்து போகும். கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது, நடுவுல ஆசிட் இல்லாத மவுன்ட் போர்டு (படத்தைச் சுத்தி வர்ற கெட்டி அட்டை) வெக்கச் சொல்லுங்க, பின்னாடி சாதா ஹார்டுபோர்டு நேரா பட்டா பேப்பர் நாளடைவுல டீக்கறை மாதிரி ஆயிடும். நேர் வெயிலும் வேண்டாம், வாட்டர்கலர்ல சில சிவப்பெல்லாம் சீக்கிரம் வெளுத்துடும். வந்த புள்ளிய நீங்களா ரப்பர் வெச்சு தேய்க்காதீங்க.

படம் வாங்குறது நல்ல முதலீடா? எவ்வளவு உயரத்துல மாட்டணும்? (மதுரை)

முதலீடுன்னா வேற இடம் பாருங்க. ஏலத்துல கோடில போறது கைவிட்டு எண்ணக்கூடிய சில பேரோட படங்கள்தான், மத்தவங்க படத்தை நீங்க விக்கப் போனா வாங்க ஆள் தேடணும். பில்லையும் ஓவியர் எழுதிக் குடுத்த சீட்டையும் மட்டும் பத்திரமா வைங்க.

உயரம் பத்தி கேட்டீங்களே, அதுக்கு ரொம்ப சந்தோஷம். நம்ம வீட்டுல சாமி படத்தை மாட்டுற பழக்கத்துல எல்லாத்தையும் வென்டிலேட்டர் கிட்ட கொண்டு போய் மாட்டிடுறோம். படத்தோட நடுப்பாகம் தரையிலேந்து கிட்டத்தட்ட 57 இன்ச், அதாவது நின்னா கண்ணுக்கு நேரா இருக்கணும். நீங்க தரையில உக்காந்து சாப்பிடுற ரூம்னா அதையும் விட கீழ எறக்குங்க. ரெண்டு ஆணி அடிச்சு மாட்டுங்க, ஒரு ஆணில மாட்டினா ஃபேன் காத்துக்கே கோணிக்கிட்டு நிக்கும்.