குரூப் 4 தேர்வில் வாக்கியமாக வரும் பின்னக் கணக்குகளை எப்படிப் போடுவது? சூத்திரம் தெரிந்தும் தப்பாகிறதே!

சூத்திரம் தெரிந்தும் தப்பாகிறது என்றால் நீங்கள் என் கட்சி. நான் மூன்றாவது முறைதான் தேறினேன். 200 கேள்வியில், கணக்கு வரும் திறனறிவுக்கு 25தானே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டதன் பலன். ஒன்றுக்கு 1.5 வீதம் 37.5 மதிப்பெண். கட் ஆஃப் ஓரத்தில் நிற்கிறவனுக்கு அது சின்னத் தொகை இல்லை.

பயிற்சி மையத்தில் ஒரு மாதிரித் தேர்வு. அதில் வந்த கணக்கு இது:

ஒருவர் தன் சம்பளத்தில் 1/4 பங்கை வாடகைக்கும், மீதியில் 2/5 பங்கை உணவுக்கும் செலவிடுகிறார். கையில் ரூ. 12,600 மிஞ்சினால் சம்பளம் எவ்வளவு?

நான் மளமளவென்று 1/4-ஐயும் 2/5-ஐயும் கூட்டினேன். 13/20. அப்படியானால் மிச்சம் 7/20. 12,600-ஐ 7-ஆல் வகுத்து 20-ஆல் பெருக்கினால் 36,000. சுத்தமாக வந்தது, ஆப்ஷனிலும் இருந்தது. வட்டத்தைக் கருப்பாக்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். சரியான விடை 28,000.

கேள்வி எடுத்தவர் கில்லாடி. அந்த 12,600 சும்மா போட்ட எண் இல்லை. 7-ஆலும் வகுபடும், 9-ஆலும் வகுபடும். தப்பான வழியில் போனவனுக்கும் முழு எண் கிடைக்கட்டும் என்று பார்த்துப் பார்த்து வைத்தது. விடை முழுசாக வந்தால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையை அன்றோடு விட்டேன்.

என்னைக் கவிழ்த்தது 'மீதியில்' என்ற ஒரே சொல். அந்த 2/5 சம்பளத்தில் இல்லை, வாடகை போக நின்ற 3/4-இல். பின்னம் கண்ணில் பட்டதும் "எதில்?" என்று கேட்டுவிடுங்கள். பதில் அனேகமாக அதற்கு முன்னால் உள்ள 'இல்' உருபிலேயே இருக்கும்: சம்பளத்தில், மீதியில், தொட்டியில்.

எங்கள் ஆச்சி பால் விற்றவர். பள்ளிக்கூடப் பக்கம் போனதில்லை. 'அரைக்கால் படி' என்று கேட்டால் ஒரு ஆழாக்கு ஊற்றுவார். அரைக்கால் என்றால் காலில் அரை, 1/8. அரையையும் காலையும் கூட்டி முக்கால் படி ஊற்றியிருந்தால் வியாபாரம் என்ன ஆகியிருக்கும்! நான் தேர்வில் செய்தது அதைத்தான்.

சரி, போடும் முறை. எக்ஸ் எல்லாம் வேண்டாம். பின்னங்களில் கோட்டுக்குக் கீழே உள்ள எண்களை, அதாவது பகுதிகளை, பெருக்குங்கள்: 4 × 5 = 20. சம்பளம் 20 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகை 5 போனால் 15. அதில் 2/5 என்றால் 6 போகும். நிற்பது 9. 9 பங்கு 12,600 என்றால் ஒரு பங்கு 1,400, இருபது பங்கு 28,000. சந்தேகம் இருந்தால் ஆப்ஷனை எடுத்து மேலிருந்து இறங்குங்கள். 36,000-இல் வாடகை 9,000 போனால் 27,000, உணவுக்கு 10,800 போனால் 16,200. ஒத்துவரவில்லை, விடுங்கள்.

எல்லாக் கணக்கிலும் மீதி வராது. "தொட்டியில் 3/5 பங்கு தண்ணீர் இருக்கிறது, 40 லிட்டர் எடுத்ததும் 1/3 பங்கு ஆகிறது, கொள்ளளவு என்ன?" இங்கே இரண்டு பின்னமும் முழுத் தொட்டியில்தான். தொட்டி 15 பங்கு என்றால் 9 பங்கு 5 பங்காகிறது. குறைந்த 4 பங்கு 40 லிட்டர். ஆக 150.

இன்னொரு குழி, 'அரையால் வகு'. 30-ஐ அரையால் வகுத்தால் 60. அரையாக ஆக்கினால்தான் 15. 'ஆல்', 'ஆக' இரண்டும் அவசரத்தில் ஒன்றாகத் தெரியும்.

நேரத்தைப் பற்றி ஒன்று. 3 மணி நேரத்தில் 200 கேள்வி என்றால் ஒன்றுக்குச் சராசரி 54 நொடி. தமிழ்ப் பகுதியை வேகமாக முடித்து மிச்சம் பிடித்தால்தான் கணக்குக்கு ஒன்றரை நிமிடமாவது கிடைக்கும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, அதனால் எதையும் விடாதீர்கள். பின்னமே ஆட்டம் காட்டினால் கைடு வாங்க ஓடாமல் ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்திலிருந்து ஆரம்பியுங்கள். கூச்சப்படாதீர்கள், நானும் அதைத்தான் செய்தேன்.

இதைப் போட்டுப் பாருங்கள்: ஒருத்தி ஒரு புத்தகத்தில் 1/3 பங்கை முதல் நாளும், மீதியில் 1/4 பங்கை மறுநாளும் படித்தாள். இன்னும் 90 பக்கம் பாக்கி. மொத்தம் எத்தனை பக்கம்? 180 வந்தால் சரி. 216 வந்தால் 'மீதியில்' என்ற சொல்லுக்குக் கீழே பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள்.