கடலோடி பதில்கள்: திருகோணமலைல நங்கூரம் போடுறவங்களுக்கு

பாய்மரப் படகுல உலகம் சுத்துறவங்க தாய்லாந்துல கிளம்பினா திருகோணமலைல வந்து நிக்கிறாங்கன்னு சொல்றாங்க. இலங்கையைச் சுத்தி அவ்வளவு கரை இருக்கே, ஏன் அங்க?
வாசகர், நாகப்பட்டினம்

கரை நிறைய இருக்குங்க, ஒதுங்குறதுக்குத்தான் இடம் இல்ல. உங்க ஊர்ப் பக்கமே பாருங்க, சென்னைல இருந்து கோடியக்கரை வரைக்கும் நேரா மணல் கரைதான், வாடைக்காத்து அடிக்க ஆரம்பிச்சா ஒரு ஆழமான படகு போய் ஒளிஞ்சுக்க இயற்கையா ஒரு துறை கிடையாது, இன்னிக்கு இருக்கிறதெல்லாம் கல்லைக் கொட்டி தடுப்பு கட்டுனதுதான். பாய்க்கப்பல் காலத்துல வடகிழக்குப் பருவம் வந்துட்டா மெட்ராஸ் கரைக்கு முன்னாடி நிக்கிற கப்பலெல்லாம் இடத்தைக் காலி பண்ணிட்டுப் போயிடணும். திருகோணமலை அதே வங்காள விரிகுடா பக்கமே இருந்துகிட்டு ரெண்டு பருவத்துலயும் உள்ள நுழையக்கூடிய துறை, அதனாலதான் போர்த்துக்கீசியர், டச்சுக்காரங்க, பிரெஞ்சுக்காரங்க, இங்கிலீஷ்காரங்கன்னு எல்லாரும் அதுக்காக மோதுனாங்க. 1782-ல மட்டும் டச்சுக்காரங்க கிட்ட இருந்து இங்கிலீஷ்காரங்க பிடிச்சாங்க, சில மாசத்துலயே பிரெஞ்சு தளபதி சஃப்ரென் அவங்க கிட்ட இருந்து பிடிச்சுட்டார். பிரிட்டிஷ் கடற்படை 1957 வரைக்கும் அங்க இருந்துச்சு.

இடத்தோட அமைப்பு எப்படின்னா, வெளில கொட்டியாரக் குடா கிழக்குப் பார்த்து பெருசா திறந்து கிடக்கும், அதோட வடமேற்கு மூலைல குறுகலா ஒரு வாய், அதுக்குள்ள போனா உள்துறைமுகம், சுத்திலும் குன்றும் மரமுமா இருக்கும். வெளில பெரிய அலை புரண்டாலும் அது உள்ள வந்து சேராது. வாய்க்கு வெளிய கடலுக்கு அடில பெரிய பள்ளத்தாக்கு ஒண்ணு ஓடுது, அதனால கரைக்குப் பக்கத்துலயே ஆழம்தான், நீலத்திமிங்கிலம் அந்தப் பக்கம் கரையை ஒட்டி வர்றதுக்கும் அந்தப் பள்ளம் ஒரு காரணம். தெற்கு இலங்கைல இருக்கிற காலியும் நல்ல ஊருதான், உள்நாட்டுப் போர்க்காலத்துல படகுக்காரங்க பெரும்பாலும் அங்கதான் போனாங்க, ஆனா அது தெக்கு பார்த்த துறை, பெரிய அலை உள்ள வந்து படகை உலுக்கிக்கிட்டே இருக்கும். கடல்ல ஒரு வாரம் தூக்கம் கெட்டு வர்றவங்களுக்கு திருகோணமலை மாதிரி ஒரு இடம் கிடைக்கிறது பெரிய விஷயம்ங்க.

மலேசியாவோட லங்காவித் தீவுல நண்பர் ஒருத்தர் 38 அடி படகு வச்சிருக்கார், திருகோணமலைக்குக் கூட வர்றியான்னு கூப்பிடுறார். எந்த மாசம் போறது, எத்தனை நாள் ஆகும்?
வாசகர், கிள்ளான்

ஜனவரி பாதிக்கு மேல மார்ச் வரைக்கும். தாய்லாந்துல புக்கெட்ல இருந்து ஏறக்குறைய 1000 கடல் மைல், அந்த அளவு படகு ஒரு நாளைக்கு 120-ல இருந்து 140 மைல் போகும்னு வச்சுக்கிட்டா ஏழெட்டு நாள், லங்காவித் தீவுல இருந்துன்னா இன்னும் ஒரு நாள் கூட. வாடைக்காத்து வலது பின்பக்கமா வரும், சுகமான ஓட்டம். வழில நிக்கோபார் வரும், பாக்க அழகா இருக்கேன்னு அனுமதி இல்லாம ஒதுங்கிடாதீங்க, அது பழங்குடி மக்களுக்கான காப்புப் பகுதி. மலாக்கா ஜலசந்தில இருந்து இலங்கைக்குத் தெக்க தேவேந்திரமுனையைச் சுத்திப் போற கப்பல் பாதை ரொம்ப நெரிசல், திருகோணமலைக்குப் போறவங்க நிக்கோபாரைத் தாண்டினதும் அதுக்கு வடக்கயே இருந்துக்கலாம், இதுவும் அந்த ஊருக்குப் போறதுல ஒரு லாபம்.

நவம்பர், டிசம்பர் வேண்டாம். 2020 டிசம்பர் 2-ம் தேதி புரெவி புயல் கரை ஏறுனது திருகோணமலைக்குப் பக்கத்துலதான். சுற்றுலாக்காரங்க நிலாவெளிக்கு மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் வருவாங்க, அப்ப கச்சான்ங்கிற தென்மேற்குக் காத்து நிலத்துல இருந்து அடிக்கும், கிழக்குக் கடல் அமைதியா கிடக்கும். ஆனா படகுக்காரங்களுக்கு அது உதவாது, ஏன்னா அங்க இருந்து மேற்க போக வேண்டிய அரபிக்கடல்ல அப்பதான் தென்மேற்குப் பருவம் கொந்தளிச்சுக்கிட்டு இருக்கும். மாலத்தீவுக்கோ செங்கடலுக்கோ போறவங்க அதுக்கு முன்னாடியே கிளம்பியாகணும்.

அவ்வளவு பத்திரமான இடம்னா நங்கூரத்தைப் போட்டுட்டு நிம்மதியா தூங்கிடலாமா?
வாசகி, திருச்சி

தூங்கலாம்மா, ஆனா போடுற விதத்துல போடணும். முதல்ல, ராத்திரில உள்ள போகாதீங்க. மாலை இருட்டிட்டா வெளிலயே ஆழத்துல பாயைச் சுருக்கிக்கிட்டு மெதுவா முன்ன பின்ன ஓடிக்கிட்டு இருந்து, விடிஞ்சதும் அங்க சுவாமிமலைங்கிற பாறை மேல இருக்கிற கோணேஸ்வரம் கோயிலைக் கண்ணால பாத்துட்டு உள்ள வாங்க. அது கடற்படை இருக்கிற துறைமுகம், வர்றதுக்கு முன்னாடியே ரேடியோல சேனல் 16-ல கூப்பிட்டு சொல்லணும், உள்ள வர அனுமதி கேக்குறதுக்கு அடையாளமா மஞ்சக் கொடி ஏத்தணும், எங்க நிக்கச் சொல்றாங்களோ அங்கதான் நிக்கணும். பேப்பர் வேலையெல்லாம் ஏஜென்ட் மூலமாத்தான், அதை வர்றதுக்கு முன்னாடியே பேசி வச்சிடுங்க.

இப்ப நங்கூரம். எத்தனை மீட்டர் செயின் விடுறதுங்கிறதுலதான் புதுசா வர்றவங்க தப்பு பண்றாங்க, தண்ணி ஆழத்தை மட்டும் கணக்குப் போடுவாங்க, ஆனா படகோட மூக்கு தண்ணிக்கு மேல எவ்வளவு உயரத்துல இருக்குன்னும் சேத்துக்கணும். ஆழம் 6 மீட்டர், மூக்கு ஒன்றரை மீட்டர்னா மொத்தம் ஏழரை, அதுல அஞ்சு மடங்கு முப்பத்தேழரை மீட்டர், காத்து வரும்னு தோணுச்சுன்னா ஏழு மடங்கு விடுங்க. ஏன் இவ்வளவு நீளம்னா நங்கூரத்தை மேல்நோக்கி இழுத்தா அது பிடுங்கிக்கிட்டு வந்துடும், படுக்கை வாட்டுல இழுத்தாத்தான் சேத்துக்குள்ள இன்னும் இறங்கும், செயினோட எடையும் நீளமும் அந்த இழுப்பைத் தாழ்வா வைக்கிறதுக்குத்தான். போட்டதும் எஞ்சினை ரிவர்ஸ்ல மெதுவா, அப்புறம் கொஞ்சம் அழுத்தி இழுத்துப் பாருங்க, கரைல இருக்கிற ஒரு மரமும் அதுக்குப் பின்னாடி இருக்கிற ஒரு கட்டடமும் ஒரே நேர்ல நின்னா பிடிச்சிடுச்சுன்னு அர்த்தம், ஒண்ணுக்கொண்ணு விலகிக்கிட்டே போனா நங்கூரம் இழுபடுது, தூக்கிட்டு மறுபடி போடணும். சோம்பல் பட்டுக்கிட்டு சரியா இருக்கும்னு விட்டுடக் கூடாது. காத்து திரும்பினா படகு செயின் நீளத்துக்கு வட்டமா சுத்தும், அந்த வட்டத்துக்குள்ள வேற படகோ மீனவர் வலையோ இருக்கான்னு பாத்துக்கோங்க.

இந்த மாதிரி துறைகள்ல ஒதுங்குன எல்லாரும் பத்திரமா திரும்பிப் போனாங்களா? ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்காக கேக்குறேன்.
மாணவி, மட்டக்களப்பு

நல்ல கேள்வி கண்ணு. 1659-ல சோழமண்டலக் கரைல புயல்ல சிக்கி பாய்மரத்தை இழந்த 'ஆன்'ங்கிற ஒரு இங்கிலீஷ் கம்பெனிக் கப்பல், மரத்தைச் சரி பண்ண கொட்டியாரக் குடாவுக்கு வந்துச்சு. கண்டி ராஜா ரெண்டாம் ராஜசிங்கனோட ஆளுங்க கேப்டனையும் அவரோட மகன் ராபர்ட் நாக்ஸையும் இன்னும் சிலரையும் பிடிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க. அப்பா அங்கயே இறந்துட்டார். மகன் 19 வருஷம் கழிச்சு, 1679-ல மன்னார்ப் பக்கம் அரிப்புல இருந்த டச்சுக் கோட்டைக்குத் தப்பிச்சு வந்தார். காத்துல இருந்தும் அலைல இருந்தும் அந்தக் குடா கப்பலைக் காப்பாத்துச்சு, ஆனா கரைல யாரு ஆளுறாங்க, அவங்க நம்மளை எப்படிப் பாக்குறாங்கங்கிறதும் அதே அளவு முக்கியம்னு எழுதிக்கோம்மா.

கரைல எப்படி நடந்துக்கணும்?
வாசகர், சிங்கப்பூர்

இதைத்தான் யாராவது கேக்க மாட்டாங்களான்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். போர் நடந்த வருஷங்கள்ல அங்க இருக்கிற மீனவங்களுக்கு அவங்க கடல்லயே நினைச்ச நேரத்துக்குப் போக முடியல, எத்தனையோ கட்டுப்பாடு, 2004 டிசம்பர்ல சுனாமி வேற வந்துச்சு. இன்னிக்கும் கொட்டியாரக் குடாதான் திருகோணமலை, கிண்ணியா, மூதூர் ஆளுங்களுக்குச் சோறு, நாம ரெண்டு வாரம் இளைப்பாற வர்றவங்க. ராத்திரில வலை விரிச்சிருக்கிற வழில எஞ்சினை ஓட்டிக்கிட்டுப் போகாதீங்க, மிதவை தெரிஞ்சா சுத்திப் போங்க, வலை கிழிஞ்சா நின்னு பேசி காசு குடுத்துட்டுத்தான் நகரணும். கழிவுத் தண்ணியை உள்துறைமுகத்துல திறந்து விடாதீங்க, மூடுன தண்ணி அது, போறதுக்கு வழி கம்மி.

நிலாவெளிக்கு எதிர்ல இருக்கிற புறாத்தீவு 2003-ல தேசியப் பூங்கா ஆச்சு, அங்க பவளத்து மேல நங்கூரம் போடவே கூடாது, செயின் ஒரு தடவை சுத்தி வந்தாலே பல வருஷம் வளந்தது நொறுங்கிடும். படகைத் துறைமுகத்துலயே விட்டுட்டு நிலாவெளில இருந்து உள்ளூர் போட்காரர் கூடப் போங்க, டிக்கெட் எடுத்துக்கிட்டு. காய்கறி, மீன் எல்லாம் டவுன் சந்தைலயே வாங்குங்க, பேரம் பேசுறதுல ரொம்ப இறுக்கிப் பிடிக்காதீங்க. நமக்குத் தமிழ் தெரியுங்கிறது அங்க பெரிய வசதி, காத்து எப்ப மாறும்னு கரைல வலை தைக்கிறவர் கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு, அதோட முன்னறிவிப்பையும் பாத்துட்டு அப்புறம் நங்கூரத்தை எடுங்க.